ரேவனா, ப்ரௌலரா, இரண்டும் வேண்டாமா?

1995 வாக்கில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தது. எதிரியின் ரேடாரைக் குருடாக்குவதற்கென்றே அதனிடம் இரண்டு வகைப் போர் விமானங்கள் இருந்தன. விமானப்படையிடம் இஎப்-111ஏ ரேவன். கடற்படையிடமும் மரைன் படையிடமும் இஏ-6பி ப்ரௌலர். இரண்டிலும் இருந்தது ஏஎல்க்யூ-99 என்ற ஒரே குடும்பத்து ஜாமர்தான். சோவியத் ஒன்றியம் கலைந்துவிட்டது, ராணுவ பட்ஜெட் சுருங்கிக்கொண்டிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு விமானங்கள் எதற்கு என்று கணக்குப் பார்ப்பவர்கள் கேட்டார்கள். இதற்கு நடுவில் மூன்றாவது குரல் ஒன்றும் ஒலித்தது. ரேடாரில் சிக்காத எப்-117, பி-2 போன்ற ஸ்டெல்த் விமானங்கள் வந்துவிட்ட பிறகு ஜாமர் விமானமே எதற்கு?

முடிவு தெரிந்ததுதான். 1998 மே மாதம் கடைசி ரேவன்கள் ஓய்வு பெற்றன. ப்ரௌலர் மூன்று படைகளுக்கும் பொதுவான ஜாமர் ஆனது. அந்த முடிவு சரியா தவறா என்று விமான ஆர்வலர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நான் நெடுநாள் ரேவன் கட்சியில் இருந்தவன். இப்போது அந்தக் கட்சியில் இல்லை. ஏன் மாறினேன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் இதே கேள்வி பிறகு ஆஸ்திரேலியாவின் வாசலுக்கு வந்தது, ஜெர்மனியின் வாசலுக்கும் வந்தது.

முதலில் ஜாமர் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இது புரியாமல் ரேவனின் பெருமை புரியாது.

இருட்டில் ஒரு தோப்புக்குள் டார்ச் அடித்து ஆளைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வெளிச்சம் அவன் மேல் பட்டு, சிதறி, அதில் ஒரு துளி உங்கள் கண்ணுக்குத் திரும்பி வர வேண்டும். போக ஒரு பயணம், வர ஒரு பயணம். ரேடார் பார்ப்பதும் இப்படித்தான். இப்போது தோப்பிலிருந்து இன்னொருவன் தன் டார்ச்சை உங்கள் முகத்துக்கு நேரே அடிக்கிறான். அவன் வெளிச்சத்துக்கு ஒரே பயணம்தான். அதனால் அவனுடைய சின்ன டார்ச் உங்கள் பெரிய டார்ச்சைத் தோற்கடித்துவிடும். ஜாமர் செய்வது இதைத்தான்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. குண்டு போடப் போகும் விமானம் ரேடாரை நெருங்க நெருங்க, அதன் எதிரொலி பெருகிக்கொண்டே போகும். 100 கிலோமீட்டரில் இருந்த விமானம் 50 கிலோமீட்டருக்கு வந்தால் எதிரொலி 16 மடங்காகிறது. ஜாமரும் அதோடு சேர்ந்தே நெருங்கி வந்தால் அதன் இரைச்சல் 4 மடங்காகும். ஜாமர் பின்னால் பாதுகாப்பான தூரத்திலேயே நின்றுவிட்டால், இரைச்சல் ஏறவே ஏறாது. பதினாறுக்கு நான்கு என்பதற்கும் பதினாறுக்கு ஒன்று என்பதற்கும் உள்ள வித்தியாசம் சில விமானிகளின் உயிர். ஏதோ ஒரு தூரத்தில் எதிரொலி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு திரையில் தெரிந்துவிடும். அந்தத் தூரத்தை எவ்வளவு சுருக்க முடியும் என்பதுதான் ஜாமர் விமானத்தின் திறமை. ஆகவே ஜாமர் கூடவே வர வேண்டும். கூட வர வேண்டுமானால் வேகம் வேண்டும்.

வேகம் இல்லாத ஜாமருக்கு என்ன ஆகும் என்பதை அமெரிக்கர்கள் வியட்நாமில் பார்த்தார்கள். 1965 ஜூலையில் வட வியட்நாமின் எஸ்ஏ-2 ஏவுகணை முதல் அமெரிக்க விமானத்தை வீழ்த்தியது. அப்போது கைவசம் இருந்த ஜாமர், பழைய குண்டுவீச்சு விமானத்திலிருந்து வந்த ஈபி-66. மெதுவானது, பெரியது. ஏவுகணைகளும் மிக் விமானங்களும் பெருகப் பெருக அது இலக்குகளிலிருந்து தள்ளித் தள்ளி நிறுத்தப்பட்டது. அப்படி இருந்தும் 1972 ஏப்ரல் 2 அன்று ஓர் ஈபி-66சி ஏவுகணையில் அடிபட்டு விழுந்தது. அதிலிருந்த ஆறு பேரில் உயிர் தப்பியவர் ஒருவர். அவரை மீட்கும் முயற்சியில் மேலும் பலர் மாண்டார்கள்.

அந்த அனுபவத்துக்கு விமானப்படை கண்ட மாற்றுதான் ரேவன். ஏற்கெனவே வைத்திருந்த எப்-111ஏ குண்டுவீச்சு விமானங்களில் 42-ஐ எடுத்து க்ரம்மன் நிறுவனத்திடம் கொடுத்து ஜாமராக மாற்றியது. குண்டு இருந்த வயிற்றறைக்குள் ஜாமர் கருவிகள் அடுக்கப்பட்டன. வயிற்றுக்கு அடியில் படகு கவிழ்த்ததுபோல் நீளமாக ஒரு மூடி. வால் நுனியில் எதிரி ரேடார்களின் ஒலியைக் கேட்கும் கருவிகள் அடங்கிய ஒரு பருத்த உறை. வெளியே எதுவும் தொங்கவில்லை என்பதால் எப்-111-ன் வேகம் அப்படியே தங்கியது. உயரத்தில் ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். தாழ்வாகப் பறக்கும்போது மலை மேடு பள்ளங்களைத் தானே பார்த்து ஏறி இறங்கும் ரேடார். குண்டுவீச்சு விமானம் எங்கே போனாலும் ரேவனும் கூடவே போகும்.

ப்ரௌலர் வேறு பிறவி. ஏ-6 இன்ட்ரூடர் என்ற கடற்படைக் குண்டுவீச்சு விமானத்தின் உடலை நீட்டி, இருவர் இருந்த இடத்தில் நால்வரை உட்கார வைத்தது. முதலில் பறந்தது 1968 மே மாதம். 1971-ல் படையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே வியட்நாம் போருக்குப் போனது. ஒலியின் வேகத்தைத் தொட்டதே இல்லை. ஜாமர்கள் இறக்கைக்கு அடியிலும் வயிற்றுக்கு அடியிலும் கலன்களாகத் தொங்கும். அதிகபட்சம் ஐந்து. அருகில் நின்று பார்த்தால் ஒவ்வொரு கலனின் மூக்கிலும் பொம்மைக் காற்றாடி போல ஒரு சிறிய விசிறி இருக்கும். பறக்கும்போது எதிர்க்காற்று அதைச் சுழற்றும். அந்தச் சுழற்சியில் உண்டாகும் மின்சாரம்தான் அந்தக் கலனின் ஜாமருக்கு உணவு. விமானத்தின் எஞ்சினிடம் மின்சாரம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. விமானிகளின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடிக் கூண்டில் மிக மெல்லிய தங்கப் பூச்சு. தங்கள் விமானமே கக்கும் அலைகளிலிருந்து உள்ளே இருப்பவர்களைக் காக்க அது. வெயிலில் அந்தக் கண்ணாடி தேன் நிறத்தில் மின்னும்.

தாளில் வைத்து ஒப்பிட்டால் ரேவன்தான் ஜெயிக்கிறது. வேகம், தூரம், இரவில் தாழப் பறக்கும் திறன் எல்லாவற்றிலும். ஏஎல்க்யூ-99-ஐ எடுத்துக்கொண்டாலும், ப்ரௌலரின் பின்னிருக்கைகளில் ஆட்கள் பார்த்த வேலையை ரேவனில் கணினியின் துணையோடு ஒரே அதிகாரி பார்த்தார். இரண்டு பேர் இருந்தால் போதும் என்பது செலவிலும் குறைவு, ஆபத்திலும் குறைவு. நான் ரேவன் கட்சியில் இருந்ததற்கு இதெல்லாம் காரணம்.

இரண்டும் ஒரே இரவில் போருக்குப் போன சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1986 ஏப்ரல் 14 இரவு, லிபியா. பிரான்ஸும் ஸ்பெயினும் தங்கள் வான்வழியாகப் போக அனுமதிக்கவில்லை. பிரிட்டனின் அப்பர் ஹேபோர்டு தளத்திலிருந்து கிளம்பிய ரேவன்கள், லேக்கன்ஹீத்திலிருந்து வந்த எப்-111எப் குண்டுவீச்சு விமானங்களோடு சேர்ந்து, அட்லாண்டிக் கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் நீரிணையில் நுழைந்து திரிப்போலிக்குப் போய்த் திரும்பின. போக வர 13 மணி நேரத்துக்கு மேல். ப்ரௌலர்களோ லிபியக் கரைக்கு வடக்கே நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்து, வேலையை முடித்து, கப்பலில் இறங்கிவிட்டன. முன்பு இதைப் படித்தபோது ரேவனின் நெடும்பயணத்தை வியந்தேன். இப்போது படித்தால் கப்பல்தான் கண்ணில் படுகிறது. யாரிடமும் அனுமதி கேட்காமல், போர் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே ஜாமரைக் கொண்டுபோய் நிறுத்த முடிந்தது ப்ரௌலரால் மட்டும்தான். ரேவன் கப்பலில் இறங்காது. ஆக, இரண்டில் ஒன்று என்று வந்துவிட்டால், கப்பலுக்கும் தரைக்கும் சேர்த்துப் பயன்படுவது ப்ரௌலர் ஒன்றே. வாதத்தின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி ஆயுதத்தில் இருக்கிறது.

1991 வளைகுடாப் போரின் முதல் இரவு, ஜனவரி 17. ஈராக்குக்குள் நுழைந்த ஒரு ரேவனை ஈராக்கிய மிராஜ் எப்1 ஒன்று துரத்தத் தொடங்கியது. ரேவனிடம் பீரங்கி இல்லை, ஏவுகணை இல்லை. விமானி தரையோடு தரையாக இறங்கினார். இருட்டில், மேடு பள்ளம் பார்க்கும் ரேடாரை நம்பித் திரும்பித் திரும்பி ஓடினார். பின்னால் வந்த மிராஜ் தரையில் மோதி வெடித்தது என்பது அமெரிக்க விமானிகளின் பதிவு. ஆயுதமே இல்லாத விமானம் பெற்ற வெற்றி என்று விமான ஆர்வலர்கள் இதைக் கொண்டாடுவார்கள். நானும் கொண்டாடியிருக்கிறேன்.

அதே போரில், பிப்ரவரி நடுவில் இன்னொரு ரேவன் திரும்பி வரவில்லை. எதிரி விமானம் துரத்துகிறது என்று எண்ணி, தாழ்வாக இறங்கித் தப்ப முயன்றபோது தரையில் மோதியிருக்க வேண்டும் என்று நம்பப்படுகிறது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். அந்தப் போரில் அமெரிக்கா இழந்த ஒரே ரேவன் அது. முதல் இரவில் காப்பாற்றிய அதே உத்தி நான்கு வாரத்தில் உயிரைக் குடித்தது. ஆயுதமில்லாத விமானத்துக்கு ஓடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இருட்டில் தாழ ஓடுவதில் எதிரியும் சாகலாம், தானும் சாகலாம். ஜனவரி நிகழ்வை மட்டும் சொல்லிவிட்டு பிப்ரவரியை விட்டுவிடுவது நியாயமில்லை என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

ப்ரௌலருக்கு 1980களின் நடுவிலிருந்து ஹார்ம் ஏவுகணை வந்துவிட்டது. எதிரி ரேடார் கக்கும் அலையையே கயிறாகப் பிடித்துக்கொண்டு போய் அந்த ரேடாரின் மேல் விழும் ஏவுகணை. ஜாமரும் ஹார்மும் ஒரே விமானத்தில் சேரும்போது எதிரியின் ரேடார் இயக்குநருக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். திரை முழுக்க இரைச்சல். அதைக் கிழித்துப் பார்க்க வேண்டுமானால் ரேடாரின் சக்தியைக் கூட்ட வேண்டும், அதிக நேரம் எரியவிட வேண்டும். எரியவிட்டால் ஹார்ம் வரும். அணைத்தால் குருடு. ரேவன் அந்த ஆளின் கண்ணைக் கட்டியது. ப்ரௌலர் கண்ணைக் கட்டியதோடு, கட்டை அவிழ்க்க முயன்றால் உயிர் போகும் என்ற பயத்தையும் சேர்த்து வைத்தது. பல ரேடார்கள் சுடப்படாமலே அணைக்கப்பட்டதற்கு அந்தப் பயம்தான் காரணம்.

பிறகு ஆட்கள். நான்கு பேர் என்பதை நான் முன்பு வீண் செலவாகப் பார்த்தேன். ஓட்டுபவர் ஒருவர்; அவருக்கு வலப்புறம் வழி பார்த்து, வானொலியில் பேசிக்கொண்டிருப்பவர் ஒருவர்; பின்னால் ரேடார் அலைகளைப் பார்த்து ஜாமரை இயக்கும் இருவர். கணினி தனக்கு ஏற்கெனவே தெரிந்த ரேடாரைத்தான் அடையாளம் காணும். பட்டியலில் இல்லாத ஓர் அலை, வழக்கமான இடத்தில் இல்லாத ஒரு ரேடார், ஒன்றை அணைத்த நொடியில் பக்கத்தில் எரியும் இன்னொன்று: இவற்றைப் பார்த்து ‘இது வேறு ஏதோ’ என்று சொல்ல ஒரு மனிதனுக்குக் கொஞ்சம் நேரமும் கவனமும் வேண்டும். விமானம் ஓட்டும் பதற்றத்திலிருந்து ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் இருவருக்கு அது கிடைக்கும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 2000களில் ப்ரௌலரின் வேலையே மாறிப்போனது. அங்கே எதிரியிடம் ரேடார் ஏதும் இல்லை. சாலையோரக் குண்டுகளை வானொலி அலையால் வெடிக்க வைத்தவர்களின் தொடர்பைக் குலைக்க ப்ரௌலர்கள் மணிக்கணக்கில் வட்டமடித்தன. சோவியத் ரேடாருக்காக 1960களில் வரையப்பட்ட விமானம், நாற்பது ஆண்டு கழித்து ரிமோட் குண்டுக்கு எதிராக நின்றது. இடம் இருந்தது, ஆள் இருந்தார்கள், கலன்களை மாற்றி மாட்ட முடிந்தது, அதனால் முடிந்தது. எல்லாவற்றையும் வயிற்றுக்குள் நிரந்தரமாக அடுக்கி வைத்திருந்த ரேவனில் இது இவ்வளவு எளிதாக நடந்திருக்காது என்பது என் கணிப்பு.

ரேவனுக்கு எதிரான இன்னொரு காரணம் சொந்தபந்தம். ஒரு ஜாமர் விமானம் தனியாக வாழ முடியாது. எஞ்சின், டயர், ஹைட்ராலிக் குழாய், பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள் எல்லாம் அதன் உறவுக்கார விமானங்களிடமிருந்து வர வேண்டும். எப்-111 குண்டுவீச்சு விமானங்களை அமெரிக்கா 1996-ல் ஓய்வு கொடுத்து அனுப்பியது. அதற்குப் பிறகு நாற்பது ரேவன்களுக்காக மட்டும் ஒரு முழுப் பராமரிப்பு அமைப்பைக் கட்டி மேய்க்க வேண்டும். இறக்கையை முன்னும் பின்னும் மடக்கும் விமானம் அது. பராமரிப்பில் சிக்கனமானது என்று அதன் ரசிகர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே எதிர்க்கட்சி ஒரு நல்ல கேள்வி கேட்கும். ப்ரௌலரின் உறவுக்காரனான ஏ-6 இன்ட்ரூடரும் 1997-ல் ஓய்வு பெற்றதே, அப்போது ப்ரௌலரும் அனாதைதானே? உண்மை. இரண்டும் அனாதைகளே. ஆனால் ப்ரௌலர்கள் மொத்தம் 170 கட்டப்பட்டவை. தயாரிப்பு நின்றதே 1991-ல்தான். முடிவெடுக்கும் நேரத்தில் நூற்றுக்கு மேல் கையிருப்பில் இருந்தன. அனாதையானாலும் அது பெரிய குடும்பம். அப்படியும் பிற்காலத்தில் ப்ரௌலர்களின் இறக்கை நடுப்பகுதியில் உலோகக் களைப்பு வந்து, அதை மாற்றிப் பறக்க வைக்கப் பெரும்பாடு பட்டார்கள். ரேவனை வைத்திருந்தால் அந்தப் பாடு பன்மடங்காகியிருக்கும்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். ஸ்டெல்த் இருக்க ஜாமர் எதற்கு? 1991-ல் பாக்தாத் மேல் பறந்த எப்-117 ஒன்றுகூட அடிபடவில்லை. அந்தப் பெருமிதத்தில் இந்த வாதம் பிறந்தது. இதற்குப் பதில் சொல்ல நீண்ட விளக்கம் தேவையில்லை. ஓர் இரவு போதும்.

1999 மார்ச் 27. நேட்டோ யூகோஸ்லாவியா மீது தாக்குதல் தொடங்கி நான்காவது இரவு. பெல்கிரேடுக்கு மேற்கே புட்யனோவ்சி என்ற கிராமத்துக்கு அருகில் ஓர் எப்-117 சுட்டு வீழ்த்தப்பட்டது. சுட்டது, 1960களின் தொடக்கத்தில் சேவைக்கு வந்த எஸ்-125 நேவா ரக ஏவுகணை. அந்தப் படைப்பிரிவின் தளபதி ஸோல்டான் டானி. மீட்டர் அலைநீளத்தில் இயங்கும் பழைய பி-18 ரேடாரை வைத்து விமானம் வருவதை முன்கூட்டி உணர்ந்துகொண்டார். குறிபார்க்கும் ரேடாரைச் சில நொடிகளுக்கு மேல் எரியவிடக் கூடாது, சுட்டதும் இடம் மாற வேண்டும் என்று தன் ஆட்களைப் பழக்கி வைத்திருந்தார். ஸ்டெல்த் விமானம் குறுகிய அலைகளில் மறைவதற்காக வடிவமைக்கப்பட்டது. நீண்ட அலை ரேடாரில் அது மங்கலாகவாவது தெரியும். மங்கலாகத் தெரிவதை இரைச்சலில் மூழ்கடிக்க ஜாமர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எதிரொலி சின்னதாக இருந்தால் அதை மறைக்கச் சின்ன இரைச்சலே போதும். ஸ்டெல்த் வந்ததால் ஜாமரின் வேலை எளிதாகிறது. ஆனால் தேவை ஒழிவதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் மூன்றாவது கட்சியின் தவறு.

78 நாள் நீடித்த அந்தப் போரில் ப்ரௌலர் துணை இல்லாமல் தாக்குதல் விமானங்களை அனுப்பத் தளபதிகள் தயங்கினார்கள். ரேடாரில் தெரியாது என்று சொல்லப்பட்ட பி-2-க்கும் துணை போனது ப்ரௌலர்தான். இத்தாலியின் அவியானோ தளத்தில் அவை குவிந்தன. உலகின் மற்ற மூலைகளில் காவலிருந்தவற்றை எடுத்துத்தான் அங்கே அனுப்ப முடிந்தது. 1995 முடிவின் உண்மையான பிழை அப்போது வெளிப்பட்டது. ப்ரௌலரைத் தேர்ந்தது பிழையல்ல. இரண்டு விமானங்கள் பார்த்த வேலையை ஒன்றின் தலையில் கட்டியவர்கள், அந்த ஒன்றுக்குத் தேவையான எண்ணிக்கையையும் மேம்பாட்டையும் கொடுக்கவில்லை. ப்ரௌலருக்குத் திட்டமிட்டிருந்த பெரிய மேம்பாடு ஒன்றும் 1990களின் முற்பாதியிலேயே கைவிடப்பட்டிருந்தது. இன்னொரு கையைக் கொடுக்காமல் ஒரு கையை வெட்டிவிட்டார்கள்.

போகிற போக்கில் எப்-4ஜி வைல்டு வீசலையும் சொல்லிவிட வேண்டும். ரேடார்களை வேட்டையாடுவதற்கென்றே இருந்த அந்த இருவர் விமானம் 1996-ல் போனது. அதன் இடத்துக்கு வந்த எப்-16சிஜே நல்ல விமானம். ஆனால் ஒரே ஆள் ஓட்டிக்கொண்டும் வேட்டையாடிக்கொண்டும் இருக்க வேண்டும். எப்-4ஜியின் பின்னிருக்கைக்காரர் செய்த வேலையை ஒரு கலனும் ஒரு திரையும் முழுமையாகச் செய்துவிடவில்லை.

இன்னொரு விலை கண்ணுக்குத் தெரியாதது. ரேவன் போன பிறகு விமானப்படையின் மின்னணுப் போர் அதிகாரிகள் ப்ரௌலர்களின் தளமான, வாஷிங்டன் மாநிலத்தின் விட்பி தீவுக்குப் போய்க் கடற்படைக்காரர்களோடு ப்ரௌலரில் பறந்தார்கள். ஏற்பாடு நன்றாகவே நடந்தது. ஆனால் தாக்குதல் விமானங்களோடு கூடவே பறக்கும் ஜாமர் என்ற ஒன்று அமெரிக்க விமானப்படையிடம் அன்றிலிருந்து இன்றுவரை இல்லை. தூரத்தில் நின்று எதிரியின் தகவல் தொடர்பைக் குலைக்கும் இசி-130எச் கம்பாஸ் கால் இருந்தது. அதன் இடத்துக்கு இப்போது கல்ப்ஸ்ட்ரீம் ஜெட்டிலிருந்து உருவான இஏ-37பி வருகிறது. அவை வேறு வேலைக்கானவை. ஒரு திறமையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டால், அதில் தேர்ந்த ஆட்கள் உங்கள் வீட்டில் வளர மாட்டார்கள். ரேவன் கட்சியின் வாதங்களில் இன்றும் நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான்.

ப்ரௌலர் ஒன்றுகூட எதிரியால் வீழ்த்தப்படாமல், கடற்படையில் 2015-லும் மரைன் படையில் 2019-லும் ஓய்வு பெற்றது. அதன் வாரிசு இஏ-18ஜி க்ரௌலர். சூப்பர் ஹார்னெட் போர் விமானத்தின் இருவர் வடிவத்தை எடுத்து, பீரங்கி இருந்த மூக்கிலும் இறக்கை நுனிகளிலும் மின்னணுக் கருவிகளை வைத்துக் கட்டப்பட்டது. 2006-ல் முதலில் பறந்து, 2011 மார்ச்சில் லிபியாவில் முதல் போரைப் பார்த்தது. இதை உற்றுப் பார்த்தால் இரண்டு பழைய கட்சிகளும் சமரசம் ஆகியிருப்பது தெரியும். கப்பலில் இறங்குவது, ஹார்ம் ஏந்துவது, கலன்களைத் தொங்கவிடுவது எல்லாம் ப்ரௌலரின் சொத்து. தாக்குதல் விமானத்தோடு கூடவே ஓடும் வேகமும், இருவர் மட்டும் உட்கார்ந்து மீதியைக் கணினியிடம் விடுவதும் ரேவனின் சொத்து. அதோடு தற்காப்புக்கு வான்வழி ஏவுகணையும் உண்டு; 1991 பிப்ரவரியில் அந்த இருவரிடம் இல்லாதது அது. ப்ரௌலரோடு 1971-ல் வந்த ஏஎல்க்யூ-99 கலன்களை இது அரை நூற்றாண்டு கடந்தும் சுமந்தது. புதிய ஏஎல்க்யூ-249 கலன்கள் 2024-ல்தான் போருக்குப் போயின.

க்ரௌலருக்கு இருக்கும் பெரிய பலம் அதன் உறவுக்கூட்டம். சூப்பர் ஹார்னெட் எந்தக் கப்பலில் இருக்கிறதோ அங்கே க்ரௌலருக்கும் உதிரி பாகம் இருக்கிறது. ஆஸ்திரேலியா 12 க்ரௌலர்களை வாங்கியபோது அதனிடம் ஏற்கெனவே 24 சூப்பர் ஹார்னெட்டுகள் இருந்தன. இரண்டும் ஆம்பர்லி தளத்தில் ஒன்றாக நிற்கின்றன. அவர்களுக்கு அது தெளிவான தேர்வு.

ஜெர்மனிக்கு அப்படி இல்லை. எதிரி ரேடார்களைத் தாக்க அதனிடம் இருந்தது டொர்னாடோ இசிஆர். 1999-ல் யூகோஸ்லாவியா மேல் ஏராளமான ஹார்ம்களைச் சுட்டது. அது முதுமையடைய, 2020-ல் பாதுகாப்பு அமைச்சகம் 30 சூப்பர் ஹார்னெட்டுகளோடு 15 க்ரௌலர்களையும் வாங்கும் யோசனையை முன்வைத்தது. 2022 மார்ச்சில் அது மாறியது. அணுகுண்டு ஏந்தும் வேலைக்கு எப்-35 ஸ்டெல்த் விமானங்கள் 35. மின்னணுப் போருக்கு, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த யூரோபைட்டர் போர் விமானங்களிலேயே 15-ஐ மாற்றி யூரோபைட்டர் இகே. அடுத்த ஆண்டு ஸ்வீடனின் ஸாப் நிறுவனத்து அரெக்ஸிஸ் கருவியும், ஹார்மின் வழிவந்த ஏஏஆர்ஜிஎம் ஏவுகணையும் அதற்காகத் தேர்வாகின.

இன்றைக்கே தயாராக, போரில் தேறியதாக இருப்பது க்ரௌலர். அது மட்டும்தான் அளவுகோல் என்றால் ஜெர்மனி தவறு செய்துவிட்டது. ஆனால் சூப்பர் ஹார்னெட்டைக் கைவிட்ட பிறகு, 15 க்ரௌலர்கள் ஜெர்மனியில் தன்னந்தனித் தீவாக நின்றிருக்கும். அந்த விமான வரிசையின் தயாரிப்பையே முடிவுக்குக் கொண்டுவருவதாக போயிங் 2023-ல் அறிவித்தது. நூற்றுக்கு மேற்பட்ட யூரோபைட்டர்களை வைத்துப் பராமரிக்கும் நாட்டுக்கு அதே விமானத்தில் ஒரு ஜாமர் என்பது, தாளில் இன்று கொஞ்சம் பின்தங்கினாலும், இருபது ஆண்டு தாங்கும். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் இதற்குத்தான் கை தூக்கியிருப்பேன். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருப்பேன்: 15 போதாது. பயிற்சிக்குச் சில, பழுதில் சில போக, ஓர் இரவுக்கு எத்தனை எழும் என்று அவியானோவில் ப்ரௌலர்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

யூரோபைட்டர் இகே 2030-க்குள் முழுத் தகுதி பெற வேண்டும் என்பது திட்டம். அதுவரை அந்த வேலை, 1990-ல் படைக்கு வந்த டொர்னாடோ இசிஆரின் தோளில்தான்.